ஒரே ஒரு கண்ணி

குரோஷே பின்னலில் எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். கொக்கி ஊசியில் மாட்டியிருக்கும் அந்த ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்துவிட்டவை. இரண்டு ஊசி வைத்துப் பின்னும் ஸ்வெட்டர் வேலையில் வரிசைக்கு நூறு கண்ணி என்றால் நூறும் ஊசிமேல் காத்து நிற்கும். ஊசி நழுவினால் நூறுக்கும் ஆபத்து. குரோஷேயில் அந்தக் கவலை இல்லை. இருக்கும் ஒரு கண்ணியைக் கொஞ்சம் நீட்டி இழுத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து ஓடலாம். அரை மணி கழித்து வந்து, நீட்டியதை இறுக்கி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மாடு, அடுப்பு, பேரப்பிள்ளைகள், கம்பெனிக்குப் போகிறவர்களுக்குச் சோறு கட்டுவது என்று பகல் முழுக்கத் துண்டு துண்டாகப் போகிற ஒரு பெண்ணுக்கு இதைவிடத் தோதான கைவேலை இருக்க முடியாது. எங்கள் ஆயா இதைத்தான் ஆயுள் முழுக்கச் செய்தார்.

ஆயா வாழ்ந்தது கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில். ஒரு பக்கம் சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதை, இன்னொரு பக்கம் ஜி.என்.டி. ரோடு. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு அந்த ரோட்டில் இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர்கள் இரவு பகலாக ஓடுகின்றன. உருட்டாலைகளில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை உருளைகளுக்கு நடுவே விட்டு, ஒரே தடிமனில், டன் கணக்கில் கம்பியாக நீட்டுகிறார்கள். அந்த ஊரில் திண்ணையில் உட்கார்ந்து ஆயா பின்னிய துணிகள் இப்போது கொஞ்சம் என்னிடமும் கொஞ்சம் என் அண்ணன் மகளிடமும் இருக்கின்றன. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அலுக்காத துணிகள். அவற்றில் எனக்குப் பிடித்த சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் வாசல் தோரணம். முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். சில கட்டம் காலி, சில கட்டம் நூலால் அடைத்தது. அடைத்த கட்டங்கள் சேர்ந்து 'நல்வரவு' என்று படிக்கின்றன. கட்டப் பின்னலில் ஆங்கில எழுத்து எழுதுவது சுலபம். எச், எல், டி எல்லாம் நேர்கோடுகள். தமிழ் எழுத்து அப்படியா? 'வ' ஒரு சுழியில் தொடங்கி, வளைந்து ஏறி, நேராக இறங்குகிறது. அரை சென்டிமீட்டர் கட்டங்களை வைத்து வளைவைக் காட்ட வேண்டும். ஆயா என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள்: வளைவின் உச்சியில் மூன்று கட்டம் படுக்கையாக, அடுத்த படியில் இரண்டு, அதற்கடுத்து ஒன்று, பிறகு செங்குத்தாக இரண்டு, மூன்று. படிகளின் நீளம் இப்படி மாறி மாறி வருவதால் நாலடி தள்ளி நின்றால் கண் அதை வளைவு என்றே எடுத்துக்கொள்கிறது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயில் பெயர் காட்டும் மின்பலகையில் புள்ளி விளக்குகளால் எழுதும் தமிழ் எழுத்துக்கும் இதே கணக்குத்தான். ஆயா கணக்குப் போட்டது சிலேட்டில்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. தோரணம் மூன்றடி அகலம், ஓரடி இறக்கம். அகலவாக்கில் சங்கிலி போட்டுத் தொடங்கினால் முதல் வரிசையே முடிவில்லாமல் நீளும், துணியும் இழுத்துக்கொள்ளும். அதனால் இறக்கவாக்கில், ஓரடிக்குச் சங்கிலி போட்டு, பக்கவாட்டில் வளர்த்திருக்கிறார். அதாவது எழுத்துகள் படுத்த நிலையில் வளர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு வரிசையும் எழுத்தின் ஒரு கீற்று மட்டுமே. 'ந'வின் அடியில் வளைந்து போகும் கோட்டுக்கும் 'வு'வின் கீழிறங்கும் காலுக்கும் முதல் சங்கிலி போடும்போதே கட்டம் ஒதுக்கியாக வேண்டும். 'ல்' மேலே வைக்கும் புள்ளி ஒரே ஒரு அடைத்த கட்டம். அதன் நாலு பக்கமும் காலிக் கட்டம் விட்டிருக்கிறார், எழுத்தோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று. அந்தப் புள்ளியை நான் எத்தனையோ முறை விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அச்சுக்கோப்பவருக்கு இருக்க வேண்டிய கவனம் அது.

எழுத்துகள் கொஞ்சம் ஒரு பக்கமாக நீண்டிருக்கும். அதற்கும் காரணம் உண்டு. ஊசியில் ஒரு சுற்று நூலைச் சுற்றிக்கொண்டு, மூன்று தடவையாக இழுத்து முடிக்கும் உயரமான பின்னலை எங்கள் பக்கத்துப் பெண்கள் ட்ரெபிள் என்பார்கள். ஒரு காலிக் கட்டம் என்பது ஒரு ட்ரெபிள், இரண்டு செயின், அதாவது சங்கிலிக் கண்ணி. ட்ரெபிளின் உயரமும் இரண்டு செயினின் அகலமும் சமமாக இருந்தால்தான் கட்டம் சதுரமாகும். ஆயாவின் ட்ரெபிள் எப்போதும் சற்று நெட்டையாக நிற்கும். கண்ணியைத் தளர்வாக உயர்த்தி எடுக்கும் கை. இந்தத் தோரணத்தை வேறு யாராவது பின்னியிருந்தால் எழுத்து வேறு அளவாக இருந்திருக்கும். கையெழுத்து என்றால் இதுதான்.

அடுத்தது மேசை விரிப்பு. அன்னாசிப் பின்னல் என்று பெயர். குரோஷே தெரிந்த எந்த வீட்டிலும் ஒரு அன்னாசி விரிப்பு இருக்கும், டி.வி. மேலேயோ ரேடியோ மேலேயோ கிடந்து, டி.வி. தட்டையாகிச் சுவரில் ஏறிய பிறகு பெட்டிக்குள் போயிருக்கும். அதை எடுத்து ஒரு அன்னாசியை மட்டும் பாருங்கள். அடியில் ஒரு விசிறி: ஒரே இடத்திலிருந்து கிளம்பும் பதினொரு நீளக் கால்கள். அடுத்த சுற்றில் கால்களுக்கு நடுவே பத்து வளையம். அதற்கடுத்து ஒன்பது, எட்டு, ஏழு. சுற்றுக்கு ஒன்று குறைந்து, உச்சியில் ஒரே வளையம் நிற்கும். பழம் முடிந்தது. எண்ணிக்கை குறைவதே உருவமாகிறது.

அழகு அதோடு நிற்கவில்லை. பழம் குறுகக் குறுக வட்டம் விரிந்துகொண்டே போக வேண்டும். உள்ளே சுருங்குவதை வெளியே யார் ஈடுகட்டுவது? பழத்தின் இரண்டு பக்கமும் ஓடும் சிப்பிகள். இரண்டு ட்ரெபிள், இரண்டு செயின், இரண்டு ட்ரெபிள். இதுதான் ஒரு சிப்பி. பழத்துக்கு வேலி போல அவை கூடவே ஏறிவரும். இரண்டு பழத்துக்கு நடுவில் சிப்பிகள் விலகி, இடம் பிறந்து, அந்த இடத்தில் அடுத்த அடுக்குப் பழம் விசிறியாகத் தொடங்கும். முதல் அடுக்குப் பழத்தின் முனை, இரண்டாம் அடுக்கில் இரண்டு பழங்களின் தோளுக்கு நடுவே சரியாக வந்து முடியும். ஆயாவின் விரிப்பில் இந்தக் கைமாற்றம் எங்கே நடக்கிறது என்று கண்ணால் தொடர்ந்து போவது எனக்குப் பெரிய சுகம்.

சுற்றிச் சுற்றிப் பின்னும் வேலையில் ஒவ்வொரு சுற்றும் தொடங்கும் இடம் தெரிந்துவிடும். புதுச் சுற்றின் முதல் ட்ரெபிளுக்குப் பதில் மூன்று செயின் போட்டு உயர்த்துவார்கள். அது மற்ற கால்களைவிட ஒல்லியாக இருக்கும். சுற்றுக்குச் சுற்று அந்த ஒல்லிக்கால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரு தழும்பாகக் கோடு விழும். ஆயாவின் விரிப்பில் அந்தக் கோட்டைத் தேடினேன். சட்டென்று அகப்படவில்லை. சிப்பியின் நடுப்பள்ளம் வரை சத்தமில்லாமல் நகர்ந்துபோய், அங்கிருந்துதான் சுற்றைத் தொடங்கியிருக்கிறார். சிப்பிக்குள் நாலு கால் நெருக்கமாக நிற்பதால் அதில் ஒன்று ஒல்லியாக இருப்பது யார் கண்ணுக்கும் படாது.

வட்டம் தட்டையாகக் கிடக்க ஒரு விதி உண்டு. ட்ரெபிளில் பின்னினால் முதல் சுற்றில் 12, அடுத்து 24, அடுத்து 36 என்று சுற்றுக்குப் பன்னிரண்டாகக் கூட்ட வேண்டும். குறைத்தால் துணி கிண்ணமாகக் குழியும். அது தொப்பிக்கு ஆகும். அதிகமாக்கினால் ஓரம் அலையலையாகச் சுருளும். பாவாடைக் கொசுவம் போன்ற அந்த ஓரத்தை ஃப்ரில் என்பார்கள். ஆயா சின்னப் பெண்களின் தொப்பிக்கு ஓரத்தில் வேண்டுமென்றே ஃப்ரில் வைப்பார். 1997-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தைனா தைமின்யா என்ற லாட்வியக் கணிதப் பேராசிரியை இதே ஃப்ரில்லை வைத்து ஒரு காரியம் செய்தார். அதிபரவளையத் தளம் என்று கணக்கில் ஒரு பரப்பு இருக்கிறது. எந்தப் புள்ளியில் நின்றாலும் குதிரைச் சேணம் மாதிரி இரண்டு பக்கமும் எதிரெதிராக வளையும் பரப்பு. காகிதத்தை ஒட்டிச் செய்த மாதிரிகள் கைபட்டால் கிழிந்துபோயின. சிறுவயதில் கற்ற குரோஷேயை எடுத்து, இத்தனை கண்ணிக்கு ஒன்று கூட்டு என்று ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போனார். கையில் எடுத்து மடிக்கவும் கோடு தைக்கவும் முடிகிற ஒரு மாதிரி கிடைத்தது. 2009-ல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். ஆயாவின் தொப்பி ஓரத்தை அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே குடும்பம் என்பது தெரியும்.

மணி வைத்த சொம்பு மூடியையும் சொல்லிவிட வேண்டும். பால் சொம்பின்மேல் போடும் கைக்குட்டை அளவு வலை, ஓரமெல்லாம் கண்ணாடி மணி. காற்றில் பறக்காமல் இருக்கத்தான் மணி. அலங்காரம் பிறகு வந்தது. மணிகளைப் பின்னலோடு சேர்க்க வேண்டுமானால், ஓரத்தின் முதல் கண்ணி போடுவதற்கு முன்பே எல்லா மணியையும் நூலில் கோத்துவிட வேண்டும். ஒன்று குறைந்தால் கடைசி முனை மொட்டையாக நிற்கும். ஓரத்துக்கு எத்தனை முனை வரும் என்று தெரியாமல் மணி கோக்க முடியாது. ஆயாவின் மூடியில் மணிகள் பச்சையும் வெள்ளையும் மாறி மாறி வருகின்றன. வட்டம் மூடுகிற இடத்திலும் பச்சைக்குப் பக்கத்தில் வெள்ளையே இருக்கிறது. அதற்கு முனைகள் இரட்டைப் படையாக இருக்க வேண்டும். எல்லாம் மனக்கணக்கு.

உல்லன் வேலை எங்கள் பக்கம் குறைவு. திருவள்ளூர் மாவட்டத்து வெயிலுக்கு ஸ்வெட்டர் எதற்கு? கோடை வந்தால் மாநிலத்தின் உச்ச வெப்பப் பட்டியலில் திருத்தணி பெயர் அடிபடாத வருஷம் அபூர்வம். பிறந்த குழந்தைக்கு மார்கழிப் பனிக்கு ஒரு குல்லா, ஒரு ஜோடி சாக்ஸ், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குல்லாவைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத்தான் ஆயாவின் அருமை தெரியும். விளிம்பு முழுக்க இரண்டு நேர், இரண்டு மறு என்று மாறி மாறி எடுத்த பின்னல். இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும், எலாஸ்டிக் வேண்டாம். குல்லாவைப் பட்டையாகப் பின்னிப் பின்பக்கம் மூட்டித் தைக்க வேண்டும். எல்லோரும் மூட்டை உள்பக்கம் வைப்பார்கள், வெளியே அழகாகத் தெரிய வேண்டும் என்று. ஆயா மூட்டை வெளிப்பக்கம் வைத்தார். பச்சைக் குழந்தையின் மண்டையில் எதுவும் உறுத்தக் கூடாது. விளிம்பை மடித்துவிடும் இடத்தில் மட்டும் மூட்டை மறுபக்கம் மாற்றியிருப்பார். மடிப்புக்குள் அது மறைந்துவிடும். பார்க்கிறவர்களுக்காகச் செய்த வேலையும் அணிகிறவருக்காகச் செய்த வேலையும் பிரிகிற இடம் இது.

ஆயாவுக்குப் பின்னல் புத்தகம் கிடையாது. பள்ளியில் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்தது, அக்கம்பக்கத்தில் பார்த்தது, கல்யாண வீட்டில் யாரோ ஒருவரின் ரவிக்கைக் கை ஓரத்தை உற்றுப் பார்த்து மனதில் எடுத்து வந்தது, இவ்வளவுதான் படிப்பு. அந்தக் காலத்தில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கு லோயர், ஹையர் என்று இரண்டு நிலை இருந்தது. அதை முடித்த டீச்சர்கள் பள்ளிகளில் கைவேலை வகுப்பு எடுத்தார்கள். அவர்கள் வழியாகத்தான் இந்த வேலை மிஷன் பள்ளிகளைத் தாண்டி ஊர்களுக்குள் வந்தது. ஆயா புதிதாக ஒரு ஓரம் கற்றால் நாலு விரல் நீளத்துக்குப் பின்னி, நூலை அறுத்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார். அந்த மாதிரித் துண்டுகள்தான் எங்களுக்கு வந்த புத்தகம். கண்ணி எண்ணத் தெரிந்தவர்களுக்கு அதில் எல்லாம் எழுதியிருக்கிறது.

நூலும் ஊசியும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் தமிழ்நாட்டின் இரண்டு மலைப்பகுதிகளுக்குப் போக வேண்டும். ஆயா வாங்கியது ஆங்கர் நூல், பெரும்பாலும் 20-ஆம் எண். எண் கூடக்கூட நூல் மெலியும். விற்றது மதுரா கோட்ஸ். அந்த நிறுவனத்தின் வேர், 1885-ல் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையை நம்பித் தொடங்கிய நூற்பாலையில் இருக்கிறது. 1908-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்திய தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம் இதே ஹார்விகளின் ஆலையில் நடந்ததுதான். பிறகு மதுரா மில்ஸும் கோட்ஸும் சேர்ந்து 1974-ல் மதுரா கோட்ஸ் ஆனது. குரோஷே நூலின் பளபளப்புக்கு மெர்சரைஸ் செய்வது காரணம்: பருத்தி நூலை இழுத்துப் பிடித்தபடி காஸ்டிக் சோடாவில் நனைத்து எடுப்பார்கள், தட்டையான இழை உப்பி உருண்டு, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஆயாவின் அன்னாசிகள் இத்தனை துவைப்புக்குப் பிறகும் மினுங்குவது அதனால்தான்.

ஊசி நீலகிரியிலிருந்து வந்தது. கேத்தியில் 1949-ல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் போனி ஊசிகள். தையல் ஊசி, குரோஷே ஊசி, ஸ்வெட்டர் ஊசி எல்லாம் அங்கே செய்வார்கள். சட்டம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் வேறு விதமாகத் தெரியும்: பங்குதாரர் உரிமை பற்றி 1981-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன நீடில் இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பு கம்பெனிச் சட்டத்தில் இன்றும் பாடம். ஆயாவிடம் இன்னொரு ஊசியும் இருந்தது. தாத்தா பட்டறையில் ஃபிட்டர். சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்றை வெட்டி, நுனியில் ஊசி அரத்தால் கொக்கி எடுத்து, நூல் சிக்காதபடி எமரித் தாளால் வழவழப்பாக்கிக் கொடுத்திருக்கிறார். கட்டைவிரல் பதியும் இடத்தை மட்டும் சுத்தியால் தட்டிச் சப்பையாக்கியிருக்கிறார். தடித்த நூல் வேலைக்கெல்லாம் ஆயா அதைத்தான் எடுப்பார். சப்பையான அந்த இடம் தேய்ந்து பளபளக்கிறது.

இந்தக் கலை நமக்கு எப்படி வந்தது என்பதும் சுவையான கதை. தென்கோடியில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி மனைவி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு லேஸ் வேலையைக் கொண்டுபோனார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவரின் வீட்டில் லேஸ் வகுப்பும் நடந்தது என்பதை இலக்கண மாணவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். அது தலையணைமேல் நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் லேஸ். கொக்கி ஊசி வேலை அல்ல. கொக்கி ஊசி வேலைக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே போக வேண்டும். எங்கள் ரயில் பாதையே கூடூர் தாண்டி ஆந்திரக் கரையோரம் போகிறது. அதே வழியில் இன்னும் வடக்கே கோதாவரி டெல்டாவில் இருக்கும் நரசாபுரம்தான் இந்தியக் குரோஷே லேஸின் தலைநகரம். மிஷனரிகள் அங்கே விதைத்தது பெரிய ஏற்றுமதித் தொழிலானது. 2024-ல் நரசாபுரம் குரோஷே லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒருத்தி பூக்களை மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி அவற்றை இணைப்பாள்; நூலைக் கொடுத்து வேலையை வாங்க ஏஜென்ட் வருவார். மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1982-ல் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகச் சந்தைக்காக நாள் முழுக்கப் பின்னிய பெண்களை 'வீட்டில் சும்மா இருப்பவர்கள்' என்றே கணக்கில் எழுதினார்கள், அதனால்தான் கூலி அவ்வளவு அடிமாட்டு நிலையில் இருந்தது என்று அவர் காட்டினார். ஆயாவின் வேலையை ரசிக்கும்போது இதையும் நான் மறப்பதில்லை. ரசனை கூலிக்கு ஈடாகாது.

இயந்திரத்தைப் பற்றி ஒரு விஷயம். இரண்டு ஊசிப் பின்னலை இயந்திரம் எப்போதோ கற்றுக்கொண்டது. 1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறைப் பின்னல் சட்டத்தைச் செய்துவிட்டார். திருப்பூர் பனியனை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: முன்பக்கம் வரிசை வரிசையாக வி எழுத்து, பின்பக்கம் அரைவளையம். ஆயாவின் குல்லாவும் அதுதான். ஆயிரக்கணக்கான கண்ணிகள் ஆளுக்கொரு ஊசியில் வரிசையாகக் காத்திருப்பதால் இயந்திரத்துக்கு அது வசதி. குரோஷேயில் அந்த வசதி கிடையாது. இருக்கிற ஒரே கண்ணியோடு ஊசி ஒவ்வொரு தடவையும் பின்னி முடித்த துணிக்குள் தானே ஓர் இடம் தேடி நுழைந்து, நூலைப் பிடித்து, வெளியே வர வேண்டும். அந்த இடம் முந்தின வரிசையின் தலையிலும் இருக்கலாம், இரண்டு வரிசைக்குக் கீழேயும் இருக்கலாம், ஒரு காலின் இடுப்பிலும் இருக்கலாம். ஆய்வுக்கூடங்களில் முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆனால் கடைக்கு வரும் உண்மையான குரோஷே துணியைச் செய்கிற இயந்திரம் இன்றுவரை இல்லை. மலிவுக்கடையில் நூறு ரூபாய்க்குத் தொங்கும் குரோஷே பையாக இருந்தாலும் அதன் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவர் கையால் இழுத்திருக்கிறார்.

சென்னையில் அப்படிப் பல கைகள் ஒன்று சேர்ந்தன. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழு, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரே போர்வையாக விரித்துக் கின்னஸ் சாதனை செய்தது. ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர். மேலேயிருந்து எடுத்த படத்தில் வண்ணக் கட்டங்கள் மட்டும் தெரிகின்றன. எனக்கு ஆசை, கீழே குனிந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க வேண்டும் என்று. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகப் பின்னிய கட்டங்களை இணைத்தது அது. இறுக்கமான கை, தளர்ந்த கை, ஓரத்தில் கண்ணி விட்டுவிட்ட கை எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கிடந்திருக்கும்.

இந்த இறுக்கம், தளர்வு பற்றித்தான் இப்போது எங்கள் வீட்டில் பேச்சு. ஆயா முடிக்காமல் விட்டுப்போன ஒரு சாப்பாட்டு மேசை விரிப்பு இருந்தது; சதுரச் சதுரமாகப் பின்னி இணைக்கும் வேலை. பாதிக்கு மேல் அவர் பின்னிவிட்டார். மிச்சத்தை அண்ணன் மகள் எடுத்திருக்கிறாள். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பின்னுகிறாள். யூடியூப் பார்த்துக் கற்றவள். அதில் ஒரு சிக்கல் வந்தது. அமெரிக்கக் காணொலியில் டபுள் என்று சொல்வது நம் டீச்சர்கள் சொல்லிக்கொடுத்த ட்ரெபிள். அவர்கள் ட்ரெபிள் அதைவிட ஒரு படி உயரம். ஆயாவின் மாதிரித் துண்டைப் பக்கத்தில் வைத்து, கால் எத்தனை சுற்று என்று எண்ணிப் பார்த்துத்தான் அதைத் தீர்த்தாள்.

அதன் பிறகும் அவள் சதுரம் ஆயாவின் சதுரத்தைவிடக் கால் அங்குலம் சின்னதாக வந்தது. அதே நூல், அதே 1.25 மில்லிமீட்டர் ஊசி, அதே எண்ணிக்கை. "அத்தை, எல்லாம் சரியா எண்ணிட்டேன். ஆனா பெரியாயா கை மாதிரி வரல" என்றாள். ஊசியை 1.50 ஆக மாற்றினாள்; அளவு ஒத்துப்போனது. ஆனாலும் கூர்ந்து பார்த்தால் தெரிகிறது. அவள் சதுரத்தில் கால்கள் குட்டையாக, உடம்பு பிடித்து நிற்கின்றன. நடுவிலிருக்கும் ஓட்டைகள் விளிம்பு கூர்மையாக இருக்கின்றன. ஆயாவுடையது நெட்டையாக, லேசாகச் சாய்ந்து, காற்று போகிற மாதிரி இருக்கிறது. விரிப்பின் குறுக்கே ஒரு இடத்தில் ஒரு கை நின்று இன்னொரு கை தொடங்குகிறது. வீட்டில் சிலர், எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்க, ஆயாவுடையதைப் பிரித்து அவளையே முதலிலிருந்து போடச் சொன்னார்கள். பிரிப்பது சுலபம்தான். பழவேற்காட்டு மீனவர் வலையில் ஒவ்வொரு கண்ணியும் முடிச்சு. அறுந்தாலும் பக்கத்துக் கண்ணி நிற்கும். குரோஷேயில் முடிச்சே இல்லை. கடைசிக் கண்ணியை விடுவித்து நூலை இழுத்தால் ஒரு மாத வேலை ஐந்து நிமிஷத்தில் உருண்டையாகிவிடும். அதைச் செய்யக் கூடாது என்று நான் சண்டை போட்டேன். அண்ணன் மகளும் என் பக்கம்தான். இரண்டு கையும் தெரிகிற இடம்தான் அந்த விரிப்பிலேயே பார்க்க வேண்டிய இடம் என்பது என் முடிவு.

துணியைப் பார்த்து எங்களால் கண்டுபிடிக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: ஆயா இடது கையில் நூலை எப்படிப் பிடித்தார் என்பது. சுண்டுவிரலில் ஒரு சுற்றா, இரண்டு சுற்றா? ஆள்காட்டி விரலை உயர்த்தியா, மடக்கியா? பின்னலின் தளர்வு முழுக்க அந்தக் கையில் இருக்கிறது. கொக்கி ஊசி பிடித்த வலது கை சும்மா வேலை செய்யும் கைதான். "நூல நீ இழுக்காத கண்ணு. அது தானா வரணும்" என்று ஆயா சொன்னது ஞாபகமிருக்கிறது. எப்படித் தானாக வரவைத்தார் என்பது போய்விட்டது.

உங்கள் வீட்டில் பின்னத் தெரிந்த ஆயாவோ பாட்டியோ அம்மாச்சியோ இருந்தால், இந்த வாரமே ஒரு 20-ஆம் எண் நூல்கண்டு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் பின்னும்போது போனில் படம் எடுங்கள். முகத்தையும் ஊசியையும் எடுத்தது போதும். இடது கையை எடுங்கள், நூல் விரல்களில் ஓடுவது தெரிகிற அளவுக்கு அருகில் வைத்து.